நிற்கக் கூடாத வளைவு

லோரி ரெங்கசாமி என்றால் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் தெரியாத ஆள் கிடையாது. தெரியும் என்றால் நல்லவிதமாக இல்லை. மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலச் சட்டம் போட்ட அந்த வருஷங்களில் லோரி ஓட்டுகிறவனைப் பற்றி நல்ல வார்த்தை யார் சொன்னார்கள்? காட்டுக்காரனுக்கு, அதாவது காட்டில் ஒளிந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுக்கு, அரிசி விற்கிறான் என்பான் கடைக்காரன். போலீசுக்கு ஆள்காட்டி என்பான் காட்டுக்காரன். தோட்டத்து லயத்து ஜனம் இரண்டையும் சேர்த்தே சொல்லும்.

காலை ஆறு மணிக்கு ஊரடங்கு விலகியதும் ரப்பர் ஷீட்டை ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குப் போக வேண்டும். திரும்பும்போது அரிசி மூட்டை. வாரத்தில் மூன்று நாள் அந்த அரிசியோடு ராவாங் ரோட்டைப் பிடித்து, அம்பாங் பெச்சா பக்கத்தில் இருக்கும் கம்பெனியின் இன்னொரு தோட்டத்துக்கு ஓட வேண்டும். அரிசி ஏறியதும் தார்ப்பாயை இழுத்துக் கட்டி ஈய முத்திரை போட்டுவிடுவார்கள். ஒரு போலீஸ் கேட்டில் புறப்பட்ட நேரத்தை எழுதுவான், அடுத்த கேட்டில் சேர்ந்த நேரத்தை எழுதுவான். நடுவில் நிற்கவே கூடாது. மூத்திரம் முட்டினாலும் அடக்கிக்கொண்டு ஓட்டு, அவ்வளவுதான். டிரைவருக்கு மதியத்துக்கு ஒரே ஒரு பொட்டலம் வெந்த சோறு. அதற்கும் தோட்டத்து ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி கார்த்திகேசு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

ராவாங் ரோட்டில் ஒரு மோசமான வளைவு. எத்தனையோ லோரி கவிழ்ந்த இடம். அங்கே ஒரு கல், ஒரு சூலம். நம் ஆள்கள் முனி என்று கும்பிடுவார்கள். ஒரு பிடி சோறு வைக்காமல் எந்தத் தமிழ் டிரைவரும் அந்த வளைவைத் தாண்டினதில்லை. சட்டம் வந்த பிறகு மற்றவர்கள் ஓட்டிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ரெங்கசாமிக்கு மனசு வரவில்லை. ஜப்பான்காரன் போன மறுவருஷம் அதே இடத்தில் பிரேக் அறுந்து, லோரி பள்ளத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. நிறுத்தினது யார் என்று அவனுக்குத் தெரியும். அதனால் இஞ்சினை அணைக்காமல் குதித்து, வாழையிலைத் துண்டில் சோற்றை வைத்துவிட்டு ஓடி வந்து ஏறிவிடுவான். இரண்டே நிமிஷம்.

ஒருநாள் சோறு வைக்கக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். முந்தின தடவை வைத்த இலை அங்கேயே கிடந்தது. குரங்கு தின்றிருந்தால் கிழிந்திருக்கும். இது கிழியவில்லை. சாப்பிட்டு முடித்தவன் மேல்பாதியைத் தன் பக்கமாக மடிப்பானே, அப்படி மடித்து, பறக்காமல் இருக்க ஒரு கல்லும் வைத்திருந்தது. சீனன் இப்படி மடிக்கமாட்டான், மலாய்க்காரனும் மடிக்கமாட்டான். தின்றது நம் ஆள்.

ரெங்கசாமியின் லயத்திலிருந்து காட்டுக்குப் போன நம் ஆள் ஒருத்தன்தான். தொழிற்சங்கத்துத் தங்கராஜு. நாற்பத்தெட்டில் போலீஸ் தேடி வந்தபோது பின்வாசல் வழியாக ஓடினவன். அவன் பெண்சாதி நல்லம்மாள் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பெண்சாதி புஷ்பவள்ளியிடம் சொன்னான்.

"ஐயோ, காட்டுக்காரனுக்குச் சோறு போட்டா தூக்குதான்லா! இனிமே நிக்காம போயிருங்க."

"முனிக்கு?"

"முனி பட்டினி கெடந்தா சாவாது. நீங்க செத்தா நான் எங்க போவேன்?"

அடுத்த தடவை நிற்காமல் போனான். அதற்கடுத்த தடவை வளைவில் ஒரு மரக்கிளை ரோட்டை அடைத்துக் கிடந்தது. கிளைக்கு முன்னால், நடு ரோட்டில், ஒரு வெற்று இலை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தது. பந்தியில் உட்கார்ந்தவன் பரிமாறச் சொல்லிக் காத்திருக்கிற மாதிரி. ரெங்கசாமி தன் பொட்டலத்தை அப்படியே அதில் கொட்டிவிட்டுக் கிளையை இழுத்துப் போட்டான்.

அதிலிருந்து அவனுக்கு மதியச் சோறு கிடையாது. தண்ணீரைக் குடித்துவிட்டு ஓட்டினான்.

இரண்டு மாசம் ஓடியது. போலீஸ் துரை முட்டாள் இல்லை. இரண்டு கேட்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறான். மற்ற லோரியெல்லாம் நாற்பது நிமிஷத்தில் வருகிற தூரத்துக்கு இவனுக்கு மட்டும் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. ஆபீசுக்குக் கூப்பிட்டான். கிராணி கார்த்திகேசு பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார்.

"எங்கே நிற்கிறாய் என்று கேட்கிறார்."

"சாமி கும்பிட, ஐயா. முனிக்கு ஒரு பிடி சோறு."

துரை சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் பேசினான். கிராணி மெதுவாகச் சொன்னார்: "வியாழக்கிழமை நீ வழக்கம்போல நின்று சோறு வைக்க வேண்டுமாம். ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து நடந்தே வந்து பட்டாளம் பதுங்கியிருக்கும். நிற்காமல் போனாலோ, யாருக்காவது சொன்னாலோ, உன்னையும் உன் பெண்சாதியையும் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிடுவாராம்."

ரெங்கசாமியை இரண்டு வயதில் தூக்கிக்கொண்டு வந்தது. ஊர் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. அங்கே போய் யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்?

"ஐயா, என்னை லோரியை விட்டு எறக்கி விட்டுருங்க. பால் மரம் சீவிப் பொழைச்சிக்கிறேன்."

"இனி இறங்குவது உன் கையில் இல்லை," என்றார் கிராணி.

வியாழன் வரைக்கும் ஒரு மாத்தா, அதுதான் மலாய்ப் போலீஸ்காரன், லயத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். வியாழன் காலையில் லோரியில் பக்கத்திலேயே ஏறிக்கொண்டான். வாயைத் திறந்து எச்சரிக்க வழியில்லை. ஹார்ன் அடித்தால் தெரிந்துவிடும். நிற்காமல் போனால் கப்பல். நின்று சோறு வைத்துவிட்டு வந்தால் தங்கராஜு பிணம். இரவெல்லாம் புரண்டவன் கிளம்பும்போது அடுப்படியிலிருந்த ஒரு மண்கலயத்தை எடுத்தான்.

"அது எதுக்கு?" என்றாள் புஷ்பவள்ளி.

"தண்ணி மொள்ள."

வளைவு வந்தது. மாத்தா உள்ளேயே குனிந்துகொண்டான். ரெங்கசாமி இறங்கி இலையைப் போட்டான், சோற்றை வைத்தான். பிறகு தண்ணீர் நிரப்பிய கலயத்தை எடுத்து, அடியில் ஸ்பேனரால் மெல்லத் தட்டி ஓட்டை போட்டான். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் ஒழுக ஒழுக, இடப்பக்கமாக முனியை மூன்று சுற்று சுற்றினான். சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறவன் சுற்றுகிற சுற்று. மூன்றாவது சுற்றில் ரோட்டைப் பார்த்து நின்று, கலயத்தை முதுகுக்குப் பின்னால் போட்டு உடைத்தான். திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்து ஏறினான்.

காட்டிலிருந்து பார்க்கிறவன் தமிழனாக இருந்தால், இங்கே சாவு காத்திருக்கிறது என்று புரிய இது போதும். ஆனால் முனி முன்னாலேயே எழவுச் சடங்கு செய்துவிட்டோமே என்று வழியெல்லாம் முனியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினான்.

பட்டாளம் மூன்று நாள் அட்டைக்கடியில் கிடந்தது. ஒருத்தனும் வரவில்லை. சோற்றை எறும்பு தின்றது.

துரை மறுபடி கூப்பிட்டான். முகமெல்லாம் சிவந்திருந்தது. பட்டாளத்துக்காரன் பார்த்ததைச் சொல்லியிருக்கிறான். "பானை எதற்கு? சாமி கும்பிடுகிற முறையா இது?" ரெங்கசாமியிடம் கேட்கவில்லை, கிராணியிடம் கேட்டான்.

கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். தகப்பனுக்குக் கொள்ளி வைத்தவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு இங்கிலீஷில், கூலிகளுக்கு இப்படி எத்தனையோ வழக்கம் உண்டு என்று சொன்னார்.

வெளியே வந்ததும் ரெங்கசாமி அவர் காலைத் தொடப்போனான். அவர் தள்ளி நின்றார்.

"தொடாதே. உனக்காகப் பொய் சொன்னதில் என் கழுத்தும் கயிற்றில் இருக்கிறது. நீ வாயைத் திறந்தால் இரண்டு பேரும் போவோம். துரை சொன்னதைக் கேள். தினமும் மாத்தா உன் பக்கத்தில் உட்கார்ந்து வருவான். அந்த ரோட்டில் போகிற நாளெல்லாம் நீ அங்கே நின்று சோறு வைக்க வேண்டும். அந்தக் காட்டுக்காரன் பிடிபடுகிற வரைக்கும்."

"பிடிபடலன்னா?"

"அதுவரைக்கும்தான்."

ஆக, அதே ஓட்டம். சோறு வைப்பான். யாரும் தொடமாட்டார்கள். குனிகிற ஒவ்வொரு தடவையும் பிடரியில் குண்டு பாயும் என்று காத்திருப்பான். அது பட்டாளத்துக் குண்டா, காட்டுக் குண்டா என்பதுதான் தெரியாது. கலயத்தைப் பார்த்துத் தப்பினவனும், அதற்குப் பிறகு மாத்தாவோடு வருகிறவனைப் பார்த்து என்ன நினைப்பான்?

லயத்து ஜனத்துக்கு நினைக்க ஒன்றும் பாக்கியில்லை. லோரியில் போலீஸ்காரன் உட்கார்ந்து வருகிறான், அது போதாதா?

ஒரு காலை, புஷ்பவள்ளி குழாயடியில் வாளியை வைத்தாள். நல்லம்மாள் அதைக் காலால் உதைத்துத் தள்ளினாள்.

"என் புருசனைக் காட்டிக் கொடுக்கிறவன் வீட்டுக்குத் தண்ணி வேற கேக்குதா? தூ!"

புஷ்பவள்ளிக்கு வாய்வரை வந்துவிட்டது. "அடி பாவி, உன் புருசன்..." என்று ஆரம்பித்துவிட்டாள். இருபதடி தள்ளி லோரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ரெங்கசாமி ஓடி வந்து அவள் தோளைப் பிடித்து அழுத்தினான். மாத்தா படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு வருஷம் எஸ்டேட்டில் இருந்தவன், அவனுக்குத் தமிழ் தெரியும்.

"வாளியை எடு, வீட்டுக்குப் போ," என்றான் ரெங்கசாமி.

நல்லம்மாள் மறுபடி துப்பினாள். இந்தத் தடவை அவன் சட்டையில் விழுந்தது. துடைக்காமல் போய் லோரியில் ஏறினான். மாத்தா துப்பாக்கியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.

"அந்தப் பொம்பளை எதுக்குத் திட்டுறா?" என்று கேட்டான் மாத்தா.

"தண்ணி சண்டை, பாங்," என்று மலாயில் அண்ணன் முறை வைத்துச் சொல்லி ரெங்கசாமி கியரைப் போட்டான்.