ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போகும் வேலை என் தலையில் விழுந்தது. ஸ்கூட்டர், மிக்ஸி, அரிவாள்மனை, பல வருஷமாக ஓடாத தையல் மெஷின் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தவன், கூடத்து மேஜையில் இருந்த மகளின் லேப்டாப்பை நெருங்கியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது. “அப்பா, ஸ்க்ரீன் மேல வெச்சிராதீங்க! மூடி மேல ஒண்ணே ஒண்ணு, சின்னதா!” அவள் பயம் நியாயமானதுதான். ஆனால் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. விரலில் ஈரச் சந்தனம், எதிரே கம்ப்யூட்டர், பதறும் ஒரு பெண். இதை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தி. நகரில், ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் கீழே பாத்திரக்கடை, மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். இரண்டுக்கும் முதலாளி அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். குடமும் குத்துவிளக்கும் விற்று நிம்மதியாக இருந்த மனிதரிடம் யாரோ ‘இனிமேல் எல்லாம் கம்ப்யூட்டர்தான்’ என்று ஓதிவிட்டார்கள். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஏ.சி. வாங்கிப் போட்டுவிட்டார். ஏ.சி. எங்களுக்காக அல்ல, கம்ப்யூட்டருக்காக என்று முதல் நாளே தெளிவுபடுத்தினார். அந்த ஏ.சி. நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கும், அதற்கென்று கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளினால், ரிப்பன் மை வாசனையும் கீழே புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாசனையும் ஒன்றாக முகத்தில் அடிக்கும். கம்ப்யூட்டர் என்றாலே புளி வாசனை என்று மூளையில் பதிந்துபோன ஆள் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் மந்தைவெளியிலிருந்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வரும் பி.காம். பட்டதாரி. கூடவே ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் சர்டிபிகேட். வேலை என்னவோ பிழை திருத்துவதும் பில் போடுவதும்தான். ஆனால் உண்மையில் நான் செய்தது பதில் சொல்லும் உத்தியோகம். தட்டச்சு செய்த விஷயத்தை ஃப்ளாப்பியில் போட்டு வாடிக்கையாளர் கையில் கொடுப்போம். உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புச் சதுரம். அதை வாங்கிக்கொண்டு யாருமே சும்மா போனதில்லை.

“சார், இது நெறைஞ்சா கனக்குமா?”

“இத ஃப்ரிட்ஜுல வெக்கணுமா, வெளிய வெச்சா கெட்டுப் போயிடுமா?”

“இன்விடேஷனையும் கருமாதிப் பத்திரிகையையும் ஒரே ஃப்ளாப்பியில வெச்சா தோஷமில்லையே?”

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்ட மாமா மயிலாப்பூரில் ஒரு சபா நடத்துபவர். ஃப்ளாப்பியை எவர்சில்வர் டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவருவார். திறந்தால் சாம்பார் மணக்கும். பஸ்ஸில் குலுங்கினால் எழுத்து உதிர்ந்துவிடும் என்று மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்த அம்மாவும் உண்டு. எல்லோருக்கும் நான் டாக்டர் மாதிரி நிதானமாகப் பதில் சொல்வேன். கனக்காது, கெடாது, உதிராது. சொல்லிவிட்டேனே தவிர, கனக்குமா என்ற கேள்வி என்னையே குடைந்தது. ஒரு நாள் கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கீழே இறங்கி, பாத்திரம் நிறுக்கும் தராசில் ஒரு தட்டில் நிறைந்த ஃப்ளாப்பியும் மறு தட்டில் காலி ஃப்ளாப்பியும் வைத்துப் பார்த்தேன். முள் அசையவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு. அண்ணாச்சி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது. “என்ன தம்பி, ஃப்ளாப்பியையும் கிலோக் கணக்குல வித்துருவோமா?” என்றார்.

என்னோடு வேலை பார்த்தவன் செல்வம், நொச்சிக்குப்பத்துப் பையன், என் வயதுதான். அவன் விரல்கள் கீபோர்டில் இறங்கினால் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அவனிடம் டைப் செய்யக் கொடுத்தவர்களில் வைதேகி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி. மயிலாப்பூர்ப் பெண். ஆராய்ச்சி கொசுவைப் பற்றி. கோயில் குளத்துக் கொசு, கிணற்றுக் கொசு, மாடித் தொட்டிக் கொசு என்று வருஷக்கணக்காகக் கொசுவோடு குடித்தனம் நடத்தி எழுதிய ஆய்வேடு. அண்ணாச்சியின் மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவருக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. “ஏம்மா, கொசுவ அடிக்கத்தான செய்யணும், எதுக்கு எழுதுத?” என்று கேட்பார். வைதேகி சிரித்துக்கொண்டே, “அடிக்கறதுக்கு முன்னாடி யாருன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?” என்பாள்.

அவளுக்கு வழிகாட்டிய பேராசிரியர் வெளிநாட்டுக்கே குடிபோகிறார். விஜயதசமிக்கு மறுநாள் ஆய்வேட்டைக் கொடுத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டு விமானம் ஏறுவார். தவறினால் வேறு பேராசிரியர், வேறு தலைப்பு, மறுபடியும் முதல் கொசுவிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதனால் விஜயதசமி காலையில் வந்து கடைசித் திருத்தம் பார்த்துப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு.

பூஜைக்கு முன்னால் சுத்தம் செய்யவேண்டும் இல்லையா? “உள்ள இருக்கிற குப்பையையும் சேத்துத்தான் சொல்லுதேன்” என்று அண்ணாச்சி கம்ப்யூட்டரைக் காட்டினார். அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்கில் இடம் என்பது மாம்பலத்து ஒண்டுக்குடித்தனம் மாதிரி, ஒருவர் கிளம்பினால்தான் இன்னொருவர் உள்ளே வரமுடியும். செல்வம் ஒவ்வொருவர் சரக்கையும் அவரவர் ஃப்ளாப்பிக்கு மாற்றிவிட்டு ஹார்ட் டிஸ்கைத் துடைத்துக் காலி செய்தான். வருஷா வருஷம் செய்கிற வேலைதான்.

பூஜையன்று நான் பூ வாங்கப் போயிருந்தேன். சரஸ்வதி படத்துக்கு முன்னால் வாழையிலையில் பொரி, கடலை, கீபோர்டு, மவுஸ். பக்கத்தில் ஃப்ளாப்பிகள் அப்பளம் காயவைத்த மாதிரி வரிசையாக. அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்து செல்வத்திடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். “தம்பி, எழுத்தெல்லாம் இதுல எங்க இருக்கு?” கேள்விக்குப் பதில் சொல்லும் உத்தியோகஸ்தன் ஊரில் இல்லை. செல்வம் பெருமையாக ஃப்ளாப்பியின் தகரக் கதவைத் தள்ளி, உள்ளே தெரியும் பழுப்பு வட்டத்தைக் காட்டியிருக்கிறான். “தோ, உள்ள கீது பாருக்கா.” காட்டிவிட்டுச் சுண்டல் வாங்கக் கீழே போய்விட்டான்.

மறுநாள் காலை மறுபூஜை முடிந்தது. வைதேகி பட்டுப் பாவாடை, தாவணியில் வந்து சேர்ந்தாள். முதல் போணியாகச் சபா மாமாவின் ஃப்ளாப்பியைச் செல்வம் உள்ளே தள்ளினான். டிரைவ் ஒரு முனகல் முனகியது. அப்புறம் கிறீச்சென்று ஒரு சத்தம். அப்புறம், சத்தியமாகச் சொல்கிறேன், கம்ப்யூட்டரிலிருந்து சந்தன வாசனை வந்தது. வெளியே எடுத்துக் கதவைத் தள்ளிப் பார்த்தேன். மஞ்சளாகச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். திருப்பினேன். அந்தப் பக்கமும். பதறிப்போய் வைதேகியின் ஃப்ளாப்பியைத் திறந்தால் அதிலும் அழகாக, கோணாமல், இரண்டு பக்கமும் பொட்டு.

“இன்னா மச்சி இது, கொயந்தைக்கு வெக்கிற மாதிரி வெச்சிக்கீது!” என்றான் செல்வம்.

அக்கா கொஞ்சம்கூட அசரவில்லை. “வெளி ஒறைக்கா பூச? எழுத்து இருக்குற எடத்துலதான சரஸ்வதி இருக்கா? மேல வெச்சிட்டுப் போனா அவளுக்கு எப்படிச் சேரும்?”



“மேடம், கையால எய்துனது கீதுல்ல? குந்தி அடிச்சிடலாம்” என்றான் செல்வம். வைதேகி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “இல்லை. ஆத்துல அம்மா பூஜைக்கு ஒழிச்சுண்டு இருந்தா. டைப் ஆயிடுத்தோல்லியோன்னு கேட்டா, ஆயிடுத்துன்னேன். பழைய பேப்பர்காரன்கிட்ட எடைக்குப் போட்டுட்டா.” ஆகமொத்தம் சரஸ்வதியின் பெயரால் இரண்டு இடத்தில் சுத்தமும் ஒரு இடத்தில் பொட்டும் நடந்து, ஒரு ஆய்வேடு உலகத்திலிருந்தே சுத்தமாகத் துடைக்கப்பட்டிருந்தது. அப்போதுதான் அக்காவின் முகம் மாறியது. “ஐயோ தாயி, நல்லதுக்குத்தான வெச்சேன்” என்று வைதேகியின் கையைப் பிடித்துக்கொண்டார். “சந்தனம்தான? கழுவினாப் போவாதா?”

நாங்கள் சிரிக்கவில்லை. ஆனால் வைதேகி நிமிர்ந்து பார்த்தாள். ஃப்ளாப்பியை வெளிச்சத்தில் பிடித்து, அந்தப் பழுப்பு வட்டத்தை உற்றுப் பார்த்தாள். “கொசு றெக்கையை விட இது தடிமன்தான்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கைப்பையைத் திறந்து ஒரு மெல்லிய இடுக்கியை எடுத்தாள். அதை எதற்கு விஜயதசமியன்று எடுத்துக்கொண்டு வந்தாள் என்றால், அதற்கும் ஆத்தில் சந்தனம் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோய்விட்டு நேரே வருகிறாளாம்.

அப்புறம் நடந்ததை ஆபரேஷன் என்றுதான் சொல்லவேண்டும். செல்வம் பிளேடால் உறையைப் பிளந்தான். அக்கா கீழே ஓடி, லேபிள்கூடக் கிழிக்காத புதுத் தாம்பாளம் ஒன்றைக் கொண்டுவந்தார். “மெட்ரோ வாட்டரா, போர் தண்ணியா?” என்று பின்னாலேயே ஏறிவந்த அண்ணாச்சி கேட்டார். “ரெண்டும் உப்பு, கறை படிஞ்சுடும்” என்ற வைதேகியின் கண் ஏ.சி.க்குக் கீழே இருந்த வாளியில் போய் நின்றது. கம்ப்யூட்டருக்காக வைத்த ஏ.சி. முதல் தடவையாகக் கம்ப்யூட்டருக்கு உபயோகப்பட்டது. தாம்பாளத்தில் தண்ணீர், தண்ணீரில் வட்டம். வைதேகி பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். தண்ணீர் மெல்லச் சிவந்தது. சரஸ்வதி படத்து ஆணியிலிருந்து ஜன்னலுக்கு நூல் கட்டி, தன் ஹேர்பின்னால் வட்டத்தைத் தொங்கவிட்டாள். ஐந்து பேரும் கைகட்டி நின்று, ஒரு ஆய்வேடு கொடியில் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சீக்கிரம் காயட்டும் என்று அண்ணாச்சி வாயால் ஊதப் போனார். மற்ற நாலு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

டிரைவை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காய்ந்த வட்டத்தைப் புது ஃப்ளாப்பியின் உறைக்குள் குடிவைத்து உள்ளே தள்ளினோம். கர்ர்ர். திரையில் அந்தப் பழைய கேள்வி வந்தது: அபார்ட், ரிட்ரை, ஃபெயில்? விட்டுவிடவா, திரும்பப் பார்க்கவா, தோற்றுப்போகவா என்று கம்ப்யூட்டர் எங்களையே கேட்டது. செல்வம் ‘ரிட்ரை’யை அமுக்கினான். மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் அமுக்கினான். வைதேகி கண்ணை மூடிக்கொண்டு தாவணித் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று கர்ர்ர் நின்று, டக்டக்கென்று சீரான சத்தம் கேட்டது. “வர்து மச்சி, வர்து!” குளத்துக் கொசு வந்தது, கிணற்றுக் கொசு வந்தது, தொட்டிக் கொசுவும் பின்னாலேயே வந்தது.

ஒரே ஒரு பக்கம் மட்டும் எழுத்தெல்லாம் போய், அந்த இடம் முழுக்கச் சின்னச் சின்னச் சிரிக்கும் முகங்களும் இதயக் குறிகளுமாக இருந்தது. பொட்டு வைத்த இடமாக இருக்கவேண்டும். கொசுவின் இனப்பெருக்கத்தைப் பற்றிய பக்கம் அது. வைதேகி அதைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள், கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த அழுகையும் அதில் சேர்ந்துகொண்டது. அந்தப் பக்கத்தை அங்கேயே உட்கார்ந்து மனப்பாடமாகச் சொன்னாள், செல்வம் அடித்தான். மறுநாள் பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பறந்தார். தான் வைத்த பொட்டால்தான் அந்தப் பெண் டாக்டரானாள் என்று அக்கா கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சந்தில் இப்போது போன் உறை விற்கிறார்கள். பாத்திரக்கடை இல்லை, அக்கா இல்லை, புளி வாசனை இல்லை. ஃப்ளாப்பி போனதில்கூட எனக்கு வருத்தமில்லை. கனக்குமா, கெடுமா, உதிருமா என்று கேட்ட அத்தனை பேரும் எங்கே போனார்கள் என்பதுதான் மனசை என்னவோ செய்கிறது.

மகளிடம் கேட்டேன். “உன் ப்ராஜெக்ட் எல்லாம் இதுக்குள்ளதானம்மா இருக்கு?”

“இதுல எதுவுமே இல்லப்பா. எல்லாம் க்ளவுட்ல.”

“அது எங்க இருக்கு?”

“தெரியலியே. எங்கயோ இருக்கும்.” அவள் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

சந்தனம் விரலில் காய்ந்துகொண்டிருந்தது. மூடியின் மேல், அவள் சொன்ன மாதிரியே, சின்னதாக ஒரு பொட்டு வைத்தேன். உறைக்கு வைத்த பொட்டு. அக்கா இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்.