கேட்டியளா

நான் டாக்டர் பட்டம் வாங்கியதில் ஊரிலேயே அதிகம் ஏமாந்தவர் என் அப்பாதான். எண்பதுகளின் கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெரு முழுக்க "எம்மக டாக்டராயிட்டா" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் விடுமுறைக்கு வந்து இறங்கிய மறுநாள் காலையில் வாசலில் காய்ச்சல்காரர்கள் இரண்டு பேரும் கால் வீங்கிய ஓர் அம்மாளும் காத்திருந்தார்கள். நான் வேறு மாதிரி டாக்டர், மனித மூளையில் ஓடும் மின்சாரத்தை அளக்கிறேன், மாத்திரை எழுதித் தர எனக்கு அதிகாரம் கிடையாது என்று சொல்லி அவர்களை அனுப்பினேன்.

அவர்கள் போன பிறகு அப்பா கேட்டார்: "அப்பம் மண்டைக்குள்ள கரண்டு ஓடுதான்னு பாக்குறதா ஒன் சோலி? இதுக்கா இம்புட்டு வருசம் படிச்சே?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உங்களுக்குச் சொன்னால் புரியாது என்றேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் ஆலையில் முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர், பழுதான தறியைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிறவர். அவருக்குப் புரியாது என்று நான் சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு ஆலைக்குப் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை என்று எதுவும் இல்லை. பேச்சும் இல்லை. பொங்கலுக்குப் போவேன். "வந்தியா" என்பார். "வந்தேன்" என்பேன். கிளம்பும்போது "போறியா" என்பார். கல்யாணப் பேச்சை நான் தட்டிக் கழித்த பிறகு இந்த இரண்டு சொல்லும் தேய ஆரம்பித்தன. அம்மா எழுதும் கடிதத்தின் அடியில் 'அப்பா நலம்' என்று ஒரு வரி இருக்கும். அதையும் அம்மாதான் எழுதியிருப்பாள்.

பெங்களூரில் என் வேலை ஓர் அறைக்குள். வெளி மின்சாரம் உள்ளே வந்து பதிவைக் கெடுக்காமல் இருக்க அறையின் நான்கு சுவரிலும் செப்புக் கம்பிவலை அடித்திருக்கும். சோதனைக்கு வரும் மாணவர்கள் ஒருமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, தலையில் ஒட்டிய பசையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் மட்டும் இருப்பேன். ஆள் கிடைக்காத நாட்களில் என் தலையிலேயே கம்பிகளை ஒட்டிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பால் கடைக்காரரைத் தவிர வேறு யாரிடமும் பேசாமல் பொழுது போகும். அது தனிமைதான். ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தேன் என்று மற்றவர்களிடம் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த அறையில் நான் செய்துகொண்டிருந்தது இதுதான். வேண்டாத சொற்கள் வரிசையாகக் காதில் விழுந்துகொண்டிருக்கும்போது நடுவில் நமக்கு வேண்டிய சொல் ஒன்று வந்தால், நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் கழித்து மூளையின் அலையில் சின்னதாக ஒரு மேடு எழும். முக்கியமாக அவரவர் பெயருக்கு எழும். ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் அந்த மேடு மற்ற அலைகளுக்குள் அமுங்கிப்போகும். ஐம்பது தடவை கூப்பிட்டு, எல்லாப் பதிவையும் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ஆக, ஆட்களை உட்காரவைத்து ஐம்பது தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுவது என் தொழில். தூங்குகிறவர்களின் மூளையும் இப்படிப் பதில் சொல்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை அது. அப்பாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்திருந்தது. ஆனால் எதையும் பார்க்கவில்லை. மூக்கில் குழாய். கூப்பிட்டால் திரும்பவில்லை, கிள்ளினால் கை லேசாக இழுத்துக்கொண்டது. அங்கிருந்த டாக்டர், அவர் நிஜமான டாக்டர், என்னைத் தனியே அழைத்து, சில வாரம் தாங்கலாம், நினைவு திரும்புமென்று எதிர்பார்க்க வேண்டாம் என்றார்.

அதை அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. "அது கெடக்கட்டும். நாம பேசுறது அவியளுக்குக் கேக்குதா, கேக்கலையா? அத மட்டும் சொல்லு" என்றாள்.

"தெரியலம்மா."

"நீதானே அதப் படிச்சவ? கேக்குதுன்னா பேசிக்கிட்டே இருப்பேன். கேக்கலன்னா சும்மா உக்காந்திருப்பேன். எதுன்னு பாத்துச் சொல்லு."

என் படிப்பைப் பற்றி அந்த வீட்டில் யாரும் என்னிடம் கேட்ட உருப்படியான முதல் கேள்வி அது. பெங்களூருக்குத் திரும்பி, துறைத் தலைவரிடம் கெஞ்சி, தள்ளுவண்டியில் வைத்த பதிவு இயந்திரத்தையும் கம்ப்யூட்டரையும் ஒரு மாதத்துக்கு வாங்கி, வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

ராஜபாளையத்தில் செப்பு வலைக்கு எங்கே போவது? ஆஸ்பத்திரிச் சுவரை ஒட்டி ஒரு பவர்லூம் கூடம். தறி ஓடும்போது என் திரையில் வெறும் கரண்டுதான் ஓடியது. மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறியை நிறுத்தும் அந்த ஒருமணி நேரம்தான் எனக்கு வாய்த்தது. மின்விசிறியையும் நிறுத்த வேண்டும். வியர்த்தால் பதிவு கெடும் என்பதால் அப்பாவின் நெற்றியை ஒற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா பனைவிசிறியை எடுத்தாள். கம்பி ஆடும், விசிறாதே என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

அப்பாவுக்கு நல்ல வழுக்கை. ஒட்டுவதற்குச் சிரமமே இல்லை. நான் அவர் தலையைத் தொட்டது அதுதான் முதல் தடவை என்று ஒட்டிக்கொண்டிருக்கும்போதே தோன்றியது.

கேஸ் ஷீட்டில் இருந்த அவர் பெயரை, வாய்க்கு வந்த வேறு சொற்களுக்கு நடுவில் வைத்து, வார்டு நர்ஸின் குரலில் டேப்பில் பதிந்து, காதுக்குள் ஓடவிட்டேன். இரண்டு நாள் பார்த்தேன். மேடு எழவில்லை. கோடு தரையாகக் கிடந்தது.

பழகிய குரலில் கூப்பிட்டால் ஒருவேளை வரலாம் என்று அம்மாவிடம் டேப்பை நீட்டி, அப்பா பெயரைச் சொல்லச் சொன்னேன்.

அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "ஏட்டி, ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? அவிய பேர நான் எப்பிடிச் சொல்லுவேன்?"

"இப்பவுமாம்மா?"

"எப்பவும்தான்."

ரேஷன் கடையில் குடும்பத் தலைவர் பெயர் கேட்டால் கார்டை நீட்டுகிறவள் அவள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவை அந்தப் பெயர் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? ஆலையில் மேஸ்திரி. சொந்தக்காரர்களுக்கு மாமா, மச்சான், சித்தப்பா. அந்தப் பெயர் காகிதத்தில்தான் இருந்தது. அதை நான் ஐம்பது தடவை அவர் காதில் ஓதிவிட்டு, பதில் வரவில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைக்காரன் வடிவமைத்த சோதனையை அப்படியே தூக்கி வந்தவளுக்கு, சொந்த வீட்டில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பது மறந்துபோயிருக்கிறது.

"நீ எப்படித்தான் கூப்பிடுவே?"

"கேட்டியளான்னுதான்."

பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சத்தம். அடுப்படியிலிருந்து "கேட்டியளா" என்று குரல் வரும். அப்பா எங்கிருந்தாலும் "ம்" என்பார். பிறகுதான் சேதி வரும்.

டேப்பில் முதலில் பள்ளிக்கூடத்துப் பாடம்போல ஒப்பித்தாள். சோறு ஆறுது என்று நினைத்துக்கொண்டு கூப்பிடு என்றேன். மைக்கை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். நர்ஸுக்குச் சிரிப்பு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நர்ஸையும் அதே சொல்லைச் சொல்லவைத்தேன்.

மறுநாள் மத்தியானம் தறி நின்றதும் ஓடவிட்டேன். நர்ஸின் "கேட்டியளா"வுக்கு ஒன்றும் இல்லை. அம்மாவின் "கேட்டியளா"வுக்கு மேடு எழுந்தது. சின்னதுதான், கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லை. நம்பாமல் அடுத்த நாளும் எடுத்தேன். மறுபடியும் வந்தது. காகிதத்தில் அச்செடுத்து அம்மாவிடம் காட்டினேன். அவள் அந்த மேட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அன்றைக்குப் பூ என்ன விலை, பக்கத்து வீட்டில் யார் வந்திருக்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

அம்மா கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அதோடு நான் மூட்டை கட்டியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஆசை விடவில்லை. அம்மா குளித்து, சமைத்து எடுத்து வர ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போயிருந்தபோது, "அப்பா" என்று என் குரலில் பதிந்தேன். அறிவியலுக்காகச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

மூன்று நாள் எடுத்தேன். மூன்று நாளும் தரை.

காரணம் சொல்ல எனக்குத் தெரியும். அவர் களைத்திருக்கலாம். மேடு வரவில்லை என்பதாலேயே கேட்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. இதை நான் என் மாணவர்களுக்கே சொல்லியிருக்கிறேன். தவிரவும் அந்த வார்டில் வலி வந்தவனெல்லாம் நாள் முழுக்க "அப்பா, அப்பா" என்றுதான் முனகினான். அந்தச் சொல்லில் யார் காதுக்கு என்ன இருக்கும்? எல்லாம் சரி. ஆனால் கடைசி ஆறேழு வருடத்தில் நான் அவரை எத்தனை தடவை அப்படிக் கூப்பிட்டேன் என்று எண்ணிப் பார்த்தேன். சராசரி எடுக்கக்கூடத் தேறவில்லை. வராந்தாவில் போய் நின்று அழுதேன். பக்கத்தில் தறி ஓட ஆரம்பித்திருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

அம்மா தூக்குவாளியோடு வந்தவள் மேசைமேல் கிடந்த காகிதங்களைப் பார்த்துவிட்டாள்.

"ஒன் கொரலையும் போட்டியா?"

"போட்டேன்."

"வந்துச்சா?"

"வந்துச்சும்மா" என்றேன். ஒரு சோதனை முடிவை நான் மாற்றிச் சொன்னது அந்த ஒரே தடவைதான்.

"எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "பொறவு என்ன? நீயும் பேசு. நான் செத்த நேரம் கண்ண மூடுதேன்." கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். பல நாளாகத் தூங்காதவள், படுத்ததும் தூங்கிப்போனாள்.

சொன்ன பொய்க்காகப் பேசத்தான் வேண்டியிருந்தது. பெங்களூரில் மழை வரும் நேரத்தைச் சொன்னேன். செப்பு வலை அறையைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒருத்திக்காக உலை வைக்கச் சலிப்பாக இருக்கிறது, ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவேன் என்றேன். யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னேன். மறுநாளும் அம்மா பாயை விரித்தாள். மறுநாளும் பேசினேன்.

அப்பா அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். அந்த ஒன்பது நாளும் இயந்திரம் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் நின்றது. மத்தியானம் தறி நிற்கும். அறை அமைதியாகும். கம்பிகளை ஒட்டி இன்னொரு தடவை பதிந்து பார்த்திருக்கலாம். நான் பதியவில்லை. மறுபடியும் தரையாக வந்துவிட்டால், அப்புறம் அவரிடம் பேச எனக்கு வாய் வராது என்று பயமாக இருந்தது.