டவுன் பக்கத்து ஆறுமணிக்குருவி

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அவர் வேலையை விட்டாலும் வேலை அவரை விட்டபாடில்லை. எங்கள் வீட்டில் இடது பக்கம் என்றால் அப், வலது பக்கம் என்றால் டவுன். "சாவி டவுன் சைடு ஆணியில இருக்கு பாருங்க" என்று நானும் பேசப் பழகிவிட்டேன். தோப்புக்குள் பறவை பார்க்கப் போனாலும் இதே பேச்சுதான். கையை நீட்டினால் பறவை பறந்துவிடும் என்பார். உதடு அசையாமல் "அப்" என்று ஒரு சத்தம் வரும். நான் கழுத்தை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையானால் இந்த வடக்கத்தி ஊரில் இருக்கும் மற்ற தமிழர்கள் லேக் மார்க்கெட்டுக்குப் போய் தோசையும் காபியுமாக உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் எலுமிச்சை சாதத்தைக் கட்டிக்கொண்டு ஏதாவது ஏரிக்கரையிலோ தோப்பிலோ கொசுக்கடி வாங்கிக்கொண்டு நிற்போம். "நீங்க தாலி கட்டினது எனக்கா, இந்தக் கொக்குக்கும் குருவிக்குமா?" என்று ஆரம்பத்தில் சண்டை போட்டவள்தான் நான். பிறகு அந்தப் பைத்தியம் எனக்கும் பிடித்துவிட்டது.

ஊர்க்கோடியில் கரியாவைத் தாண்டி இருக்கும் பழைய மாந்தோப்புதான் அவருக்கு உயிர். அங்கே மாவும் பலாவும் மூங்கிலும் நெருங்கி நின்று பகலிலேயே இருட்டாக இருக்கும். கோடை முடிந்து மழை தொடங்கும்போது அங்கே ஆறுமணிக்குருவி வரும். பச்சை முதுகு, கண்ணோரம் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமம் கொட்டினாற்போலச் சிவப்பு. குளிர்காலத்தை நம் ஊர்ப்பக்கம் கழித்துவிட்டு, முட்டையிட வடக்கே வருகிற பறவை அது. "நம்மள மாதிரியே இதுக்கும் டிரான்ஸ்ஃபர்" என்பார். வருஷா வருஷம் இதே ஜோக். நானும் வருஷா வருஷம் சிரித்துத் தொலைப்பேன்.

அந்த மனிதருக்குத்தான் கண்ணில் அழுத்தம் வந்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. படுபாவி நோய், ஒரு அறிகுறியும் காட்டாமல் இரண்டு ஓரத்துப் பார்வையையும் தின்றுவிட்டது. போனது திரும்பாது, மிச்சத்தையும் எத்தனை நாள் காப்பாற்ற முடியும் என்று தெரியாது என்றார் டாக்டர். சென்னையில் இருக்கும் மகன், கிளம்பி வந்துவிடுங்கள் என்று தினமும் போனில் கெஞ்சினான். இவர் பிடி கொடுக்கவில்லை.

"இந்த மழைக்கு அது வரட்டும். ஒரே ஒரு தடவை கண்ணால பார்த்துட்டு வந்துடறேன்."

"ஒரு குருவிக்காகவாப்பா?" என்று மகன் கத்தினான். எனக்கும் கோபம்தான். ஆனால் கேட்டது என்ன, பொன்னா பொருளா? பார்க்கட்டுமே என்று இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட வேண்டும் என்று, கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

முதல் மழை விட்ட காலையில் போனோம். "காக்கிமா, காதா ஆச்சே, ஆஸ்தே" என்று வாசலில் இருந்த காவலாளி, சேறாக இருக்கிறது, மெதுவாகப் போங்கள் என்று இந்த ஊர்ப் பாஷையில் எச்சரித்தார். சேறுதான். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தேன். மூங்கில் புதருக்கு அருகில் நின்றோம். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அது வந்தது. அப் பக்கம், சருகுக்குள், நாலே எட்டில். குட்டை வாலை ஆட்டிக்கொண்டு புழுவைக் கொத்தி இழுத்தது. "அப்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தார்.

"டவுன்," என்றார். "பார்த்தியா? அந்தச் சிவப்பைப் பாரேன்!"

டவுன் பக்கம் பார்த்தேன். யாரோ தின்றுவிட்டுப் போட்ட சிப்ஸ் பாக்கெட். பச்சையும் சிவப்புமாகச் சருகில் கிடந்து காற்றில் அசைந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். ஐயோ, அந்தச் சிரிப்பு. மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் சிரித்தாரே, அதே சிரிப்பு. நிஜக் குருவி எங்களுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்தது. அவரைத் தோளைப் பிடித்துத் திருப்பியிருக்கலாம். திருப்பினால், இவ்வளவு நேரம் எதைப் பார்த்தோம் என்று கேட்பாரே.

"பார்த்தேங்க," என்றேன். "எவ்வளவு அழகு."

அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன குருவி கத்தியது. அப் பக்கத்திலிருந்து, தெளிவாக, இரண்டு தடவை விசில்.

அவர் காதுக்கு ஒரு குறையும் இல்லை. சிரிப்பு அப்படியே நின்றது. டவுன் பக்கம் பார்த்தபடியே இருந்தார். பாக்கெட் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"அது வேற ஒண்ணு போல," என்றார். "ஜோடியா வந்திருக்கு."

"ஆமாங்க," என்றேன். "ஜோடிதான்."

அழுகை சத்தமாக வந்துவிடுமோ என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன்.

"சரி. பையனுக்குப் போன் பண்ணி, டிக்கெட் போடச் சொல்லிடு" என்றார். பிறகு கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி என்னிடம் நீட்டினார். நான் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நீட்டினார். நகர்ந்து போய் வாங்கிக்கொண்டேன்.