பாங்குக்குப் பிறகு ஊதிய காற்று

டயர்க் கடையில் கம்ப்ரசர் சீறினால் இன்றும் என் கை தானாகக் கண்ணைப் பொத்துகிறது. கல்முனைக்குடியில், வாப்பாவின் கராஜில், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு கேட்டதும் எல்லோரும் காற்றுக் குழாயால் உடுத்திருந்த சாரத்தில் ஒட்டிய இரும்புத்தூளை ஊதித் தட்டிவிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடுவார்கள். ஒரு வெள்ளியன்று காக்கா, என் அண்ணன், குழாயைத் தன் முகத்துக்கு நேரே திருப்பினார்.

"டேய், அங்கால பிடிடா! என்ட ஒரு கண்ணக் கொண்டுபோனது இந்தக் காத்துதான்டா!" வாப்பா கத்தினார்.

"காத்துக்கும் பயமா வாப்பா?" காக்கா சிரித்தார்.

வாப்பா வால்வை மூடி, குழாயைப் பிடுங்கி, உள்ளே மிஞ்சிய காற்றும் நிலத்தில் சீறித் தீரும்வரை நின்றார். பிறகு தன் வெள்ளைத் தொப்பியைக் கழற்றி, காக்காவின் நெற்றியையும் இமைகளையும் மெல்லத் துடைத்தார். தூளால் கறுத்த அந்தத் தொப்பியோடுதான் அன்று தொழுதார்.