தானாக அணைந்த விளக்குகள்

பேய் என்ற சொல்லைக் கேட்டாலே கரண்ட் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பழைய கார்களுக்கு வயரிங் பார்ப்பது அவள் தொழில். அந்தத் தொழிலில் மாதத்துக்கு ஒரு பேயாவது பட்டறை வாசலுக்கு வந்துவிடும். சாவியைப் பிடுங்கிய பிறகும் வைப்பர் ஆட்டும் கார், யாரும் தொடாமல் ஹார்ன் அலறும் கார். அவிழ்த்துப் பார்த்தால் உள்ளே இருப்பது எலி கடித்த வயர், ஈரம் ஏறிய சுவிட்ச், இல்லையென்றால் எவனோ ஒரு சோம்பேறி போட்டுவிட்டுப் போன ஒட்டு. "பேயா இருந்தாலும் அதுக்கும் ரெண்டு வயர் வேணும். போக ஒண்ணு, வர ஒண்ணு" என்பாள்.

பத்தொன்பது வயதில் வயரிங் செட் கட்டும் தொழிற்சாலையில் சேர்ந்தவள். நீளமான பலகையில் ஆணிகளுக்கு நடுவே வயர்களை ஓடவிட்டு, விரற்கடைக்கு ஒரு முடிச்சாக மெழுகு நூலால் கட்ட வேண்டும். அவளுக்கு இடது கைப் பழக்கம். எல்லோருடைய முடிச்சும் வலப்பக்கம் வால் நீட்டினால் இவள் முடிச்சு இடப்பக்கம் நீட்டும். மேற்பார்வையாளன் இரும்பு ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டினான். முட்டி வீங்கியது, முடிச்சு மாறவில்லை. இருநூறு பெண்களுக்கு இரண்டு கழிப்பறை, அதற்கும் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருநாள் பலகையை விட்டு எழுந்து நின்று, "இது என்ன ஜெயிலா?" என்று கேட்டாள். கூட எழுந்தவர்கள் பதினோரு பேர். பன்னிரண்டு பேரையும் சாயங்காலத்துக்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகுதான் சொந்தப் பட்டறை. ஒரே தகரக் கூரையின் கீழ் ஒரு பாதியில் அவள் வயர் பிரிப்பாள். மறுபாதியில் அவள் கணவர் கார்களுக்கு வண்ணமடிப்பார். தெருவுக்கே அவர் பெயின்டர்தான்.

அந்தக் கறுப்புக் காரைக் கொண்டுவந்தவர் ஒரு பெரிய வீட்டுப் பிள்ளை. அப்பா போன பிறகு கார் அவர் கைக்கு வந்திருந்தது. நாற்பத்தைந்து வயதாகியும் எல்லோருக்கும் அவர் சின்னவர்.

"வயரிங் மொத்தத்தையும் சுத்தம் பண்ணி ஒழுங்காக் கட்டிக் குடுங்கக்கா. விக்கணும்."

"என்ன கோளாறு?"

சின்னவர் குரலைத் தாழ்த்தினார். "ஹெட்லைட் அணையுது. எல்லா எடத்துலயும் இல்ல. ஆஸ்பத்திரி தாண்டி ஒரு வளைவு வருதுல்ல, அங்க மட்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எங்க டிரைவர் இதே கார்ல ஒருத்தர அங்கதான் அடிச்சுட்டாரு. சைக்கிள்ல வந்த ஆளு. அதே எடத்துலயே போயிட்டாரு. அவருதான்னு வீட்ல சொல்றாங்க."

"எவரு?"

"செத்தவரு."

"ஏன் தம்பி, செத்தவருக்கு வேற வேலையே இல்லையா? உங்க வீட்டு லைட்ட அணைக்கறதுக்குன்னு பதினோரு வருஷமா அங்கயே நிக்கறாரா, சம்பளம் கூட இல்லாம?"

சின்னவர் சிரிக்கவில்லை. "நீங்களே ஓட்டிப் பாருங்க."

பொழுது சாயும் நேரத்தில் இருவரும் போனார்கள். அக்கா ஓட்டினாள். ஆஸ்பத்திரிச் சுவரைத் தாண்டும் வரை வெளிச்சம் சாலையில் சீராக விழுந்துகொண்டிருந்தது. வளைவில் திரும்பியதும் யாரோ கண்ணைப் பொத்தியதுபோல இரண்டு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன. இருட்டோடு இருட்டாகக் கார் உருண்டது. அவள் கை இன்டிகேட்டர் பக்கமே போகவில்லை. ஆனாலும் காரின் முன்முனை இரண்டிலும் மங்கலான மஞ்சள் விளக்கு தானாக எரிந்தது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு பச்சைப் புள்ளி, பூனைக் கண் போல, அவளையே பார்த்தது. இருபது அடி போனதும் ஹெட்லைட் திரும்ப வந்தது. பச்சைப் புள்ளி மறைந்தது.

"பாத்தீங்களா?" என்றார் சின்னவர்.

அவள் இறங்கி நடந்து போய்ப் பார்த்தாள். வளைவின் குறுக்கே பழைய கல் வடிகால். இடது சக்கரம் அதில் இறங்கி ஏறும்போது வண்டி உடம்பு முறுக்கிக்கொள்ளும். எங்கோ ஒரு வயர் பிடி விடுகிறது. அவ்வளவுதான். காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் முன்கையில் எழுந்து நின்ற மயிர் பட்டறைக்குத் திரும்பும்வரை படுக்கவில்லை. அவளுக்குத் தன் கை மேலேயே கோபம் வந்தது.

மறுநாள் காலை நர்ஸ் உடுப்பில் ஓர் இளம்பெண் பட்டறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வராமல், கறுப்புக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா, வண்டி எதாவது விடணுமா?"

"இல்லக்கா. நேத்து இந்தக் கார் ஆஸ்பத்திரியத் தாண்டிப் போறதப் பாத்தேன். நம்பர வெச்சு அடையாளம் தெரிஞ்சுது. அந்த விபத்து நடந்தப்ப இத ஓட்டுனது எங்கப்பாதான்."

அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஹெட்லைட் தானா அணைஞ்சுது, மஞ்ச வெளக்கு தானா எரிஞ்சுதுன்னு கோர்ட்ல சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. லைட்டே போடாம ஓட்டினாரு, குடிச்சிருந்தாருன்னு முதலாளி சொல்லிட்டாரு. எங்கப்பா சோடா கூடக் குடிக்க மாட்டாருக்கா. போலீஸ் வந்து பாத்தப்ப லைட்டு நல்லாவே எரிஞ்சுது. ரெண்டு வருஷம் உள்ள இருந்தாரு."

"இப்ப?"

"வீட்ல இருக்காரு. லைசென்ஸ் இல்ல. தெனமும் ஒரு தடவையாவது சொல்லிடுவாரு, தானாத்தான் அணைஞ்சுதுன்னு. அம்மா பாத்திரத்த உருட்ட ஆரம்பிச்சுடுவாங்க. நானும் காதுல விழாத மாதிரி இருந்துடுவேன்." அவள் முந்தானை இல்லாத உடுப்பில் பிடித்துக்கொள்ள எதையோ தேடி, சட்டைப் பொத்தானைத் திருகினாள். "அவரு பொய்தான் சொல்றாருன்னு நெனச்சுட்டேன்க்கா. இதுல நெஜமாவே கோளாறு இருக்கா?"

மஞ்சள் விளக்கு. அக்கா நேற்று தன் கண்ணால் பார்த்தது. அவளுக்குள் பழைய தொழிற்சாலைக் கோபம் திகுதிகுவென்று ஏறியது. ஏழை சொன்னால் உளறல். அதையே முதலாளி வீட்டில் சொன்னால் பேய்.

"உங்கப்பா சொன்னது அட்சரம் பிசகாம நடந்திருக்கு. எங்கன்னு கண்டுபிடிச்சு, எந்த மடையன் பண்ணதுன்னும் சேத்து எழுதி, கையெழுத்துப் போட்டுத் தரேன். போயி அவருகிட்ட சொல்லு."

அன்றே வேலையை ஆரம்பித்தாள். முன்பக்கக் கிரில்லைக் கழற்றி, ஒவ்வொரு வயருக்கும் துணி டேப்பில் எண் எழுதி ஒட்டினாள். நிறம் மங்கி எல்லா வயரும் ஒரே பழுப்பாக இருந்தன. ஹெட்லைட் சுவிட்ச் சோதனைக்காகப் போட்டபடியே இருந்தது, விளக்குகள் எரியவில்லை. மதியம் பெயின்டர் கடைக்குப் போயிருந்தார். வெயிலுக்காக ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தாள். வயர்க் கத்தையைக் கையில் பிடித்தபடி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றபோது, சுவரில் திடீரென்று ஒரு பெரிய பெண் எழுந்தாள். அவள் கையில் நரம்புக் கொத்து போல ஏதோ தொங்கியது. அக்காவின் நிழல். முதுகுக்குப் பின்னால் காரின் இரண்டு கண்ணும் திறந்திருந்தன. சத்தமில்லை, யாருமில்லை. பத்து மூச்சு விடும் நேரம் எரிந்து, திரும்ப மூடிக்கொண்டன.

"தகரம் சூடாகுது. இரும்பு விரியுது. பிடிக்குது, விடுது" என்று உரக்கச் சொன்னாள். தன் குரல் பட்டறையின் மறுமூலையிலிருந்து வருவதுபோல இருந்தது.

பிறகு வெளிச்சுற்று டேப்பைப் பிரித்தாள். யாரோ பின்னாளில் அவசரமாகச் சுற்றிய மலிவு டேப்; பிசுபிசுவென்று கையோடு வந்தது. அதன் அடியில் வயர்கள் மெழுகு நூலால் கட்டப்பட்டிருந்தன. விரற்கடைக்கு ஒரு முடிச்சு, அளவெடுத்ததுபோல. 'யாருடா இவன், வேலைக்காரன்!' என்று மெச்சிக்கொண்டாள். விரலால் வருடிக்கொண்டே போனாள். நான்காவது முடிச்சில் விரல் நின்றது.

வால் இடப்பக்கம் நீட்டியிருந்தது.

அவள் மேசையிலிருந்து நூலை எடுத்து, பக்கத்திலேயே ஒரு முடிச்சுப் போட்டாள். இரண்டையும் பார்த்தாள். முன்பின் தெரியாத வீட்டில் நுழைந்து, அங்கே சுவரில் தன் போட்டோ மாட்டியிருப்பதைப் பார்த்தவள் மாதிரி நின்றாள். இந்தக் காரை அவள் தொட்டதே இல்லை. தொட்டதாக நினைவே இல்லை.

முடிச்சுகள் அவளைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு போயின. ரேடியேட்டர் ஓரத்தில் ஒரே போல்ட். முன்பக்க விளக்குகள் எல்லாவற்றின் எர்த் வயரும் அதில்தான் ஒன்றன்மேல் ஒன்றாக முடுக்கப்பட்டிருந்தன. விளக்குக்குப் போன கரண்ட் வண்டி உடம்பு வழியாகத் திரும்பிப் போக வேண்டிய வாசல் அது. அந்த வாசல் அடைத்தால் கரண்ட் அடுத்த சந்து தேடும். இன்டிகேட்டர் வழியாகப் புகுந்து போகும். ஹெட்லைட் அணையும், மஞ்சள் எரியும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்தப் பச்சைப் புள்ளியும் எரியும். போல்ட்டைக் கழற்றினாள். அதன் அடியில் வெறும் இரும்பு இருந்திருக்க வேண்டும். பளபளவென்று, வாஷரின் பல் லேசாகப் பட்ட தடம் தவிர ஒரு கீறலும் இல்லாமல், இளமஞ்சள் பெயின்ட் இருந்தது. ஓரத்தில் மட்டும் துரு.

இளமஞ்சள். அப்போது நினைவு வந்தது. பன்னிரண்டு வருடம் முன்பு எதிலோ மோதி மூக்கு நசுங்கி வந்த ஒரு வண்டி. கறுப்பு அடித்தது சைக்கிள்காரர் செத்த பிறகாக இருக்க வேண்டும். வாசலில் ஓர் ஆள் அவசரப்படுத்திக்கொண்டே நின்றான். பெயின்டர் மூன்றாம் பூச்சு முடித்து, பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டதுபோல அதையே சுற்றிச் சுற்றி வந்தார். "சுரண்டிடாதம்மா, கெஞ்சிக் கேக்கறேன்." எர்த் போடும் இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து இரும்பைப் பார்க்காதவனை அவள் மடையன் என்றுதான் கூப்பிடுவாள். அன்று அவர் முகத்தைப் பார்த்தாள். தேய்க்காமல், பல் வைத்த வாஷர் பெயின்ட்டைக் கடித்து இரும்பைப் பிடித்துக்கொள்ளும் என்று முடுக்கிவிட்டாள்.

பெயின்டர் திரும்பி வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். சொன்னாள். அவர் போல்ட்டையும் பெயின்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு பாத்தா? தேச்சு முடுக்கிட்டா முடிஞ்சுது. இது வெளிய தெரிஞ்சா எவன் நம்ம வாசப்படி மிதிப்பான்?"

"நான் பாத்துட்டேனேங்க."

"நீ வேணும்னேவா பண்ணே?"

"அந்த டிரைவரு வேணும்னேவா பண்ணாரு? ரெண்டு வருஷம் உள்ள இருந்தாருல்ல. சைக்கிள்ல வந்தவரு யாரப் போயிக் கேப்பாரு?"

அவர் வெகுநேரம் தின்னர் துணியால் சுத்தமான கையையே துடைத்துக்கொண்டிருந்தார். "சுரண்டாதன்னு சொன்னது நான். எழுதறதா இருந்தா அதையும் எழுது" என்றார் கடைசியில்.

சின்னவரைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் முகத்தில் நிம்மதிதான் முதலில் வந்தது. "அப்ப சரி பண்ணிடுங்கக்கா. பழசக் கிளறாதீங்க."

"டிரைவரு லைட்டப் பத்தி முன்னாடியே உங்க வீட்ல சொன்னாரா?"

அவர் கார் சாவியைப் பார்த்தார். "ரெண்டு தடவ. அப்பாதான் அப்புறம் பாக்கலாம்னுட்டாரு."

"தெரிஞ்சும் குடிகாரன்னு சொன்னீங்க. அப்புறம் செத்தவர் தலையிலயே பழியத் தூக்கிப் போட்டீங்க. பேயின்னா எவனும் கேள்வி கேக்க மாட்டான்ல? என் தப்பு நான் எழுதியாச்சு தம்பி. உங்க வீட்டுத் தப்புக்கும் கீழ எடம் விட்டு வெச்சிருக்கேன். டிரைவரு வந்து பாக்கற வரைக்கும் போல்ட்ட நான் சரி பண்ண மாட்டேன்."

சின்னவர் பேனாவை வாங்கவில்லை. போய்விட்டார். அந்தத் தாளின் கீழ்ப்பாதி வெறுமையாகவே கிடந்தது.

டிரைவர் அடுத்த நாள் பதினோரு மணிக்கு மகளோடு வந்தார். மெலிந்த உடம்பு, இஸ்திரி போட்ட சட்டை. அக்கா அவரை ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னாள். அவர் கதவைக்கூடத் தொடவில்லை. தாளைக் கொடுத்தாள். அவர் நின்றபடியே படித்தார். மகள் அவர் தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"அந்த முடிச்சு என்னுதுங்க" என்றாள் அக்கா. "இரும்பப் பாக்காம முடுக்கினது நான்தான்."

அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஷட்டர எறக்குங்க."

பெயின்டர் இறக்கினார். பட்டறை இருண்டது. டிரைவர் காருக்கு முன்னால் பதினைந்து தப்படி நடந்து, சுவரோரம் திரும்பி நின்றார். "போடுங்க."

அக்கா சுவிட்சைப் போட்டு, போல்ட்டை அழுத்திப் பிடித்தாள். வெளிச்சம் அவர் மேல் முழுதாக விழுந்தது. கண்ணை அவர் சிமிட்டவில்லை.

"விடுங்க."

விட்டாள். அவர் மறைந்துபோனார். இரண்டு மங்கலான மஞ்சள் பொட்டு மட்டும் தரைக்கு மேலே மிதந்தது. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாத வெளிச்சம்.

"சைக்கிள்ல வந்த மனுஷன் பாத்தது இதத்தானா?" என்றது இருட்டு.

"ஆமாங்க."

"அப்பா" என்றாள் மகள். விசும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"இன்னொரு தடவ."

வெளிச்சம் வந்தது, போனது. இன்னொரு தடவை என்றார். ஐந்தாவது முறையோ ஆறாவது முறையோ, அவர் நடந்து வரும் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் விரல்கள் அவள் விரல்களை விலக்கிவிட்டு போல்ட்டைத் தேடிப் பிடித்தன. ஐஸ் போலச் சில்லென்று இருந்தன.

"இப்ப நீங்க போயி நில்லுங்க."

அவள் நடந்தாள். சுவர் முதுகில் இடித்ததும் திரும்பினாள். கண்ணைக் குத்தும் வெளிச்சத்துக்குப் பின்னால் அவர் முகம் தெரியவில்லை. கை தானாக எழுந்து கண்ணை மறைக்கப் போனது; கீழே இறக்கிக்கொண்டாள். அவர் விடுவதற்காகக் காத்திருந்தாள்.