முந்நூறு பேரும் ஒரு வரியும்

ஒன்பது வயதில் கணினி நிரலில் ஒரு தவற்றைக் கண்டுபிடித்தவள் நான். இதை என் வாயால் கேட்காத ஆள் யாராவது இருந்தால், அவர் எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸ் பக்கமே வராதவராக இருக்க வேண்டும்.

எண்பதுகளின் கடைசி அது. நாங்கள் அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அக்கா டிப்ளோமா முடித்திருந்தாள். பட்டப்படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. அப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவின் அண்ணனான மாமாதான், "பொம்பளப் பிள்ளைக்கு டிப்ளோமா போதும்லா" என்று அப்பாவுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் மாமா மகளின் கல்யாணம் வந்தது. கிளாங்கில் மண்டபம். விருந்துக்கு முப்பது வட்ட மேசை, மேசைக்குப் பத்துப் பேர். பெரியப்பா முறை ஒருவரும் சித்தப்பா முறை ஒருவரும் வேலித் தகராறில் பேச்சை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. இருவரையும் ஒரே மேசையில் வைத்தால் விருந்து கெட்டது. யாரை எங்கே உட்கார வைப்பது என்று மாமா மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது, அக்கா கணினியில் செய்து காட்டுவதாகச் சொன்னாள். அவள் தோழி வீட்டுக் கணினி மாமாவின் வேனிலேயே வந்து இறங்கியது. அப்பா அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை பார்ப்போம்" என்றார். படிப்பையும் சேர்த்துத்தான் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

இரண்டு நாள் நான் மாமாவின் நோட்டைப் பார்த்து விருந்தாளிகளின் பெயர் வாசிக்க, அக்கா தட்டினாள். எண் போட்ட பெட்டிகளை வரிசையாக வைத்து, பெட்டிக்கு ஓர் ஆளைப் போடுவது மாதிரி என்றாள். அதற்கு அரே என்று பெயராம். வரிசையின் பெயர் 'மேசை'. யாரையாவது மாற்றிப் பார்த்துப் பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப வேண்டுமே. அதற்காக 'பழசு' என்று இன்னொரு பெயர் வைத்து, 'பழசு = மேசை' என்று ஒரே வரி எழுதினாள்; முழு வரிசைக்கும் நகல் எடுத்தாகிவிட்டது என்றாள். எனக்கு அது பொறுக்கவில்லை. தொண்டை வறள நான் வாசித்த முந்நூறு பேரும் ஒரே வரியில் எப்படி இரண்டாம் தடவை வந்து உட்காருவார்கள்? கேட்டேன். "நீ சும்மா இரு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "பெரியப்பாவ மூணாம் மேசைக்கு மாத்திப் பாரு." மூன்றாம் மேசையில் இருந்தவர் அந்தச் சித்தப்பா. வேண்டுமென்றேதான் கேட்டார். திரையில் பகையாளிகள் இருவரும் அருகருகே வந்தார்கள்.

"சரி, வேணாம். பழையபடி போடு."

அக்கா தட்டினாள். பெரியப்பா மூன்றாம் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. மறுபடி தட்டினாள். அசையவில்லை.

"என் நோட்டுல அழிச்சா, அழிச்ச இடமாச்சும் தெரியும்" என்றார் மாமா. அப்பா எழுந்து, வெளியே போவதற்காகச் சட்டையை எடுத்தார். அம்மா கலந்த தேநீரையே திரும்பத் திரும்பக் கலந்துகொண்டிருந்தாள்.

அக்கா ஏதோ தட்டத் தொடங்கினாள். நான் பக்கத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தேன். அவள் கையை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள். "என்ன, சொல்லு."

"பழசுன்னு ஒண்ணு இல்லவே இல்ல. என்னய வீட்டுல பாப்பாங்கறீங்க, ஸ்கூல்ல வேற பேரு. ஸ்கூல்ல விழுந்தா வீட்டுல பாப்பாவும் நொண்டுறாள்ல? அதே மாதிரி ஒரே வரிசைக்கு ரெண்டு பேரு வச்சிருக்கு, அவ்ளோதான். வேற வரிசை போட்டு ஒவ்வொருத்தரா உக்கார வைக்கணும்."

"ஆமா" என்றாள் அக்கா. நோட்டைப் பார்த்துப் பெரியப்பாவை அவர் இடத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு பெட்டியில் இருப்பதையும் புது வரிசையின் அதே எண் பெட்டியில் எழுதும்படி நிரலை மாற்றினாள். பிறகு மாமா நான்கு முறை ஆட்களை மாற்றச் சொன்னார். நான்கு முறையும் பழைய வரிசை பத்திரமாகத் திரும்பி வந்தது.

மாமா விடவில்லை. "சின்னவளுக்கே இவ்ளோ தெரியுது. அப்புறம் பெரியவள எதுக்கு அனுப்பணும்?"

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "அப்ப ரெண்டு பேரையும்தான் அனுப்பணும்" என்றார்.

அந்த வருடமே அக்கா போனாள். பின்னால் நானும் போனேன். அக்கா என்னை இன்னும் கொஞ்சம் பாராட்டியிருக்கலாம் என்ற குறை மட்டும் எனக்கு வெகுகாலம் இருந்தது.

போன மாதம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் அதே தவற்றைச் செய்திருந்தாள். திருத்த உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியாக எடுக்கும் அந்த முதல் வரியைத் தட்டியதும் என் கை நின்றுவிட்டது. அந்த வரியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். "என்ன, சொல்லு" என்று அக்கா திரும்பியபோது, அவளுக்குப் பின்னால் திரையில் அது பாதி எழுதி நின்றது. அதுதான் விடை என்று ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. மாமா சிரிக்கக் காத்திருந்தார், அப்பா கையில் சட்டை இருந்தது, அவள் படிப்பு அந்தரத்தில் தொங்கியது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வரியைப் பாதியில் விட்டுவிட்டு அவள் என்னைப் பேசவிட்டாள்.

அன்று மாலையே தொலைபேசியில் கேட்டேன். "நீ குதிச்ச குதில என்னால டைப் பண்ண முடியலலா" என்றாள்.

நானும் கண்டுபிடித்தேன் என்பது உண்மைதான். அதை விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஆனால் இனி இந்தக் கதையை, எனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்றுதான் தொடங்க வேண்டும்.