ஆள் இல்லாத நாற்காலியில் விழுந்த வெளிச்சம்

பட்டறைகளில் வெளிச்சம் போதுமா என்று அளப்பதுதான் அவர் பிழைப்பு. "வெளிச்சம் வந்துட்டாருப்பா, லைட்டைப் போடுங்க," என்று வாசல் காவலாளிகள் கேலி செய்வார்கள். யாராவது வாய் கொடுத்தால் போதும், பாடம் ஆரம்பித்துவிடுவார். விளக்கு மொத்தமாக எவ்வளவு கொட்டுகிறது என்பது லூமென். ஒரு சதுர மீட்டர் இடத்தில் அதில் எவ்வளவு வந்து விழுகிறது என்பது லக்ஸ். "விளக்கு எவ்வளவு கொடுத்தா என்ன? கைக்கு எவ்வளவு வந்து சேருதுன்னு பாருங்க," என்பார். சொன்னதில் தப்பே இல்லை. செய்ததில்தான்.

அளக்கும்போது உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பி ஒதுங்கி நிற்கச் சொல்வார். ஆள் நிழல் வெளிச்சம் அளக்கும் மீட்டர்மேல் விழுந்தால் கணக்குக் கெட்டுவிடுமாம்.

அவரைத் தூக்கி வளர்த்த அக்கா தகடு வெட்டும் பட்டறையில் வேலை செய்தாள். விளக்கு அவள் முதுகுக்குப் பின்னால். குனிந்தால் அவள் தலை நிழலே கத்தியை மறைக்கும். அங்கே அளக்கப் போனபோது அவளையும் எழுப்பி நிறுத்திவிட்டுத்தான் அளந்தார்.

"தம்பி, கத்தி இருக்கிற இடமே சரியாத் தெரியலடா."

"முந்நூத்தி இருபது லக்ஸ் காட்டுதுக்கா. தாராளம். உன் கண்ணாடியைத்தான் மாத்தணும்."

அவளும் மாற்றினாள். அடுத்த மாதம் வலது கையில் மூன்று விரல்கள் போயின.

முதலாளி ஈவிரக்கமே இல்லாமல் பேசினார். வெளிச்சம் சரியாக இருந்ததாம், கூடப் பிறந்த தம்பியே அளந்து சொன்னதாம், அதனால் அவளுடைய கவனக்குறைவுதானாம். நஷ்ட ஈடும் இல்லை, இனி வேலையும் இல்லை.

அப்போதுதான் தம்பிக்கு உறைத்தது. மீட்டரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். "ஆள் உட்கார்ந்திருக்கும்போது அளக்கணும். அன்னிக்கு நான் அளந்தது தப்பு," என்றார்.

"தாராளமா அளங்க சார்," என்று மேற்பார்வையாளர் மரியாதையாக வழிவிட்டார். அக்காவின் நாற்காலியில் அதற்குள் வேறொரு பெண். அவள் முகத்துக்கு முன்னால், கத்திக்கு நேர் மேலே, ஒரு புது விளக்கு. எல்லா இயந்திரத்திலும் ஒவ்வொன்று மாட்டியிருந்தார்கள், படுபாவிகள். அந்தப் பெண் நன்றாகக் குனிந்தபோதும் மீட்டர் எழுநூறைத் தாண்டியது. போன வாரத்து நிழலை இனி எந்த மீட்டரால் அளப்பது? அவர் மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

ஆஸ்பத்திரியில் அக்கா கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துக் காத்திருந்தாள்.

"எவ்வளவுடா காட்டுச்சு?"

"எழுநூறுக்கு மேல. புது விளக்கு மாட்டிட்டாங்கக்கா. நம்ம பக்கம் காட்ட ஒண்ணும் இல்ல." பிறகு அதையும் சொன்னார். "அன்னிக்கு நீ குனிஞ்சு வேலை செய்யறப்ப அளக்காம விட்டுட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"எழுந்திருன்னு சொன்னியே, நீ எனக்காகத்தான் அளக்கிறேன்னு நினைச்சேன்டா."

அதற்குப் பிறகு அவள் அவரைத் தம்பி என்று கூப்பிடவில்லை.